அருகிலுள்ள மருத்துவரா, அயலூர் நிபுணரா?

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டில் காய்ச்சலுக்காவது வீட்டில் ஒரு மரியாதை உண்டு. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். "எழுந்திருக்காதே, படுத்திரு" என்பார்கள். தலைவலிக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. அது தொட்டுப் பார்க்க இயலாத நோய். சொன்னவன் சொல்லை நம்பினால் உண்டு, நம்பாவிட்டால் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நம்மோடு குடியிருக்கும் ஒற்றைத் தலைவலியைப் பற்றியும், அதற்கு யாரிடம் வைத்தியம் செய்துகொள்வது என்று நாம் பட்ட குழப்பத்தைப் பற்றியும் இங்கே சிறிது எழுத விரும்புகிறோம். இதே குழப்பத்தில் நிற்கும் குடும்பங்கள் பல உண்டென்பதை நாம் அறிவோம். அவர்களில் ஒருவருக்கேனும் இது பயன்படுமாயின் அதுவே போதும்.

1987ஆம் ஆண்டு, நமது 19ஆம் வயதில், குருமடத்தில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அது முதன்முதல் வந்தது. புத்தகத்தின் எழுத்துகளில் ஒரு பகுதி திடீரென்று மறைந்தது. மறைந்த இடத்தைச் சுற்றிக் கோட்டை மதிலின் பற்களைப் போன்று நெளிந்த ஓர் ஒளிக்கோடு மினுமினுத்துப் பெரிதாகிக்கொண்டே போயிற்று. கண் போய்விட்டதென்றே அஞ்சினோம். அரை மணி நேரத்தில் ஒளி அடங்கிப் பார்வை திரும்பியது. பிழைத்தோம் என்று மூச்சு விடுவதற்குள் வலப்பக்க நெற்றியில் ஆணி அறைவது போல் வலி தொடங்கியது. அன்றிரவு முழுவதும் வாந்தி, விளக்கொளி ஆகவில்லை, உடன் மாணவர்கள் செருப்பொலி ஆகவில்லை. மறுநாள் மாலையில் எழுந்தபோது, தேர்வுக்குப் பயந்து படுத்துக்கொண்டோம் என்ற பெயர் நமக்கு வந்திருந்தது. அந்தப் பெயருக்கு அஞ்சியே, அதன் பின் வலியை மறைக்கக் கற்றுக்கொண்டோம்.

மருத்துவர்கள் இந்நோயை அடையாளம் காணும் முறை எளிமையானது. வலி மருந்தில்லாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில், நாடி துடிப்பது போல் தெறிக்கும். படியேறினால், குனிந்தால் கூடும். குமட்டலோ வாந்தியோ இருக்கும். அல்லது வெளிச்சமும் ஓசையும் தாங்காது. இப்படி ஐந்து முறையேனும் வந்திருந்தால், வேறு காரணம் காணப்படாத நிலையில், இதனை ஒற்றைத் தலைவலி என்று முடிவு செய்கின்றனர். நாம் கண்ட ஒளிக்கோடு எல்லாருக்கும் வருவதில்லை; சிலருக்கு மட்டுமே வரும் முன்னறிகுறி அது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்நோய் இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பின்னால் திரும்பவும் வருவோம்.

இங்கு ஓர் ஆறுதலையும் சொல்லி வைப்போம். 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாட்டில் வாழ்ந்த புனித ஹில்டகார்ட் என்னும் துறவற மடத் தலைவியைத் திருச்சபை 2012ஆம் ஆண்டில் மறைவல்லுநராக அறிவித்தது. அவர் தம் காட்சிகளில் விவரித்த ஒளிகளைப் படித்த சார்லஸ் சிங்கர் என்ற மருத்துவ வரலாற்றாசிரியர், அவை ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி ஒளிகளைப் போல் இருக்கின்றனவே என்று எழுதினார். அக்கருத்தை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. அவர் கண்டதோ ஞானம். நாம் கண்டதெல்லாம் வாந்தி எடுக்க ஒரு வாளியைத்தான். ஆயினும், இந்த நோயாளிக் கூட்டத்தில் அவரும் இருந்திருக்கலாம் என்ற எண்ணமே ஒரு துணைதான்.

குருவின் வாழ்க்கையும் ஒற்றைத் தலைவலியும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இந்நோய்க்கு ஒழுங்கு வேண்டும்: நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு உறக்கம். நமக்கோ கிறிஸ்து பிறப்பு விழா நள்ளிரவில். பாஸ்கா விழிப்பும் நள்ளிரவில். கிளைப்பங்குத் திருப்பலிகளை முடித்து ஞாயிறன்று காலை உணவுக்கு உட்காரும்போது மணி பதினொன்று. ஊர்த் திருவிழா வந்தால் பத்து நாளும் ஒலிபெருக்கி. தூபக்கால் புகையும், கொடியேற்றத்து வெடியும், நடுப்பகல் வெயிலும் சேர்ந்துகொள்ளும். இவற்றையெல்லாம் நாம் சமாளித்த வழி ஒன்றே. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் தலைவலி மாத்திரை அங்கியின் பையில் எப்போதும் இருக்கும். வலி வந்தால் ஒன்று. வரும்போல் இருந்தால் ஒன்று. வரக்கூடாத நாளென்றால் முன்னெச்சரிக்கையாக ஒன்று. இதனை நாம் மன உறுதி என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்த எண்ணம் உடைந்தது 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஓர் இரவில். கதவைத் தட்டியவர் உபதேசியார். எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிளைப்பங்கு ஊரில் ஒரு முதியவர் கடைசி நிலையில் இருப்பதாகவும், நோயில்பூசுதல் கொடுக்க வரவேண்டும் என்றும் சொன்னார். அன்று மாலையிலிருந்தே நமக்கு வலி. மூன்று மாத்திரைகள் உள்ளே போயிருந்தன. மூன்றும் வாந்தியாய் வெளியேயும் வந்திருந்தன. எழுந்து நின்றோம், சுவர் சாய்ந்தது. "அரை மணி நேரம் பொறுங்கள், வந்துவிடுகிறோம்" என்றோம். அந்த அரை மணி இரண்டு மணி நேரமாயிற்று. உபதேசியாரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வழியில் ஒருமுறை இறங்கி வாந்தியெடுத்து, அந்த வீட்டை அடைந்தபோது பெரியவருக்கு வாய்க்கட்டுக் கட்டியிருந்தார்கள்.

எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. மூத்த மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க சாமி, உங்க முகமே சரியில்லையே. உங்களுக்கும் உடம்புதானே" என்றார். தந்தையை இழந்து ஒரு மணி நேரம் ஆகாத மனிதர் நமக்குச் சுக்கு வெந்நீர் வைக்கச் சொன்னார். அவர் கோபித்திருந்தால் நமக்கு அது எளிதாக இருந்திருக்கும். இறந்தவருக்கான மன்றாட்டை முடித்துத் திரும்பும் வழியில்தான், இந்த நோயை இனி இப்படியே விடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

ஆனால் எங்கே போவது? இவ்விடத்தில்தான் குழப்பம் தொடங்கிற்று.

நம்மோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் சென்னையில் பணியாற்றுகிறார். தொலைபேசியில் செய்தியைக் கேட்டதும், "நரம்பு வைத்தியர் எல்லாருக்கும் தலைவலியும் ஒரு நோய். இங்கே தலைவலியை மட்டுமே பார்க்கிற நிபுணர் ஒருவர் இருக்கிறார். ஜனவரியில் தேதி கிடைக்கும். பேசாமல் புறப்பட்டு வா" என்றார். பங்குப் பேரவையின் துணைத் தலைவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கோ இது பிடிக்கவில்லை. "பாளையங்கோட்டையிலேயே நரம்பு டாக்டர் இருக்கும்போது சாமி எதற்குப் பட்டணம் போகவேண்டும்? எனக்குக் கை கால் இழுத்துக்கொண்டபோது அவர்தானே பிழைக்க வைத்தார்?" என்று கேட்டார். இருவரும் நம்மீது அன்புள்ளவர்கள். இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. நாம் நடுவில் நின்றோம்.

சென்னையின் பக்கத்து நியாயம் வலிமையானது. ஒரே நோயை நாள்தோறும் பார்ப்பவர், பத்து நோய்களுக்கிடையே அதையும் பார்ப்பவரைவிடச் சில நுட்பங்களை அறிந்திருப்பார். ஒற்றைத் தலைவலியென்று பெயர் சூட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் தவறான மருந்து உண்ணும் வேறுவகைத் தலைவலிக்காரர்களை அவரே பிரித்தறிவார். கண்ணைச் சுற்றிக் கொத்துக் கொத்தாய்த் தாக்கும் தலைவலி ஒன்றுண்டு. ஒரே பக்கத்தில் இடைவிடாது நின்று, இண்டோமெத்தசின் என்ற ஒரு மருந்துக்கு மட்டும் கட்டுப்படுவது மற்றொன்று. நெற்றியிலிருந்து தோள் வரை 31 இடங்களில் போட்டுலினம் மருந்தைச் சிறு ஊசிகளாய் ஏற்றி, 12 வாரங்களுக்கொரு முறை தொடரும் சிகிச்சை போன்றவற்றில் பழகிய கை அவருடையது.

ஆனால் 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு என்பது வெறும் எண்ணன்று. நெல்லை எக்ஸ்பிரசில் ஓர் இரவு முழுவதும் உறக்கமில்லாது போய், காலையில் பசியோடு காத்திருந்து, மறுநாள் இரவு திரும்புவது ஒற்றைத் தலைவலிக்காரனுக்கு என்ன பொருள் தருமென்று அவனே அறிவான். வைத்தியத்துக்குப் போகும் வழியே நோயை வரவழைக்கும். துணைக்கு ஒருவர் வேண்டும். இரண்டு நாள் பங்கை விட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. இந்நோய்க்கான தடுப்பு மருந்துகளை முதல் நாளே சரியான அளவில் கொடுத்துவிட முடியாது. சிறிய அளவில் தொடங்கி, உடல் தாங்குகிறதா என்று பார்த்து, மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். பயன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த மாதங்களில் மயக்கம் வந்தால், நாடி குறைந்தால், யாரிடம் ஓடுவது?

அருகிலுள்ள மருத்துவரின் நியாயம் இங்கேதான் பிறக்கிறது. நாற்பது கிலோமீட்டர், ஒரு பேருந்து, மாலைக்குள் திரும்பலாம். மருத்துவப் பட்டத்துக்குப் பின் பொது மருத்துவம் மூன்றாண்டு, நரம்பியல் மூன்றாண்டு என்று படித்து வந்தவர் அவர். வலிப்பும் பக்கவாதமும் அவரிடம் மிகுதியாக வருவது மெய்தான். ஆனால் தலைவலியும் அவருக்கு அன்றாட நோய்.

பின் ஏன் தயங்கினோம் என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுவோம். 2018ஆம் ஆண்டில் அவரிடம் ஒருமுறை போயிருந்தோம். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். ஆறு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அவர் எழுதித் தந்த மாத்திரையைப் பத்து நாள் உண்டோம். குணம் தெரியவில்லை. நிறுத்திவிட்டு, "இவருக்குத் தலைவலியைப் பற்றித் தெரியாது" என்று தீர்ப்பும் எழுதிக்கொண்டோம். பிறரைத் தீர்ப்பிடாதீர்கள் என்று ஞாயிறுதோறும் சொல்லும் வாய்க்கு அந்தத் தீர்ப்பு எளிதாகத்தான் வந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தவர் நமது பங்கின் மருந்தகத்தை நடத்தும் அருட்சகோதரி. செவிலியர் பயிற்சி பெற்றவர், அதிகம் பேசாதவர். நாம் சொன்ன இரு பக்க நியாயங்களையும் கேட்டு முடித்துவிட்டு, "பாதர், சென்னையா பாளையங்கோட்டையா என்பது இருக்கட்டும். மாதத்தில் எத்தனை நாள் தலைவலி? எத்தனை நாள் மாத்திரை?" என்று கேட்டார்.

"அடிக்கடி வரும் சிஸ்டர். வந்தால் ஒன்றிரண்டு மாத்திரை போடுவோம்."

"அடிக்கடி என்றால்?"

விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு நாள் பிசகு இருந்தால் பொறுக்காத நாம், நமது தலையின் கணக்கை ஒருநாளும் எழுதியதில்லை. சகோதரி பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கோடிட்டார். தேதி, வலி தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, முந்தின இரவு உறக்கம் எத்தனை மணி, உண்ட மாத்திரை எத்தனை. "ஒரு மாதம் எழுதுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் இதை எடுத்துப் போங்கள்" என்றார்.

நவம்பர் நடுவில் கூட்டிப் பார்த்தோம். 31 நாள்களில் 19 நாள் வலி. 17 நாள் மாத்திரை. மாத்திரைகளின் மொத்தம் 41. அந்த எண்ணை எழுதியபோது, வேறொருவருடைய நோட்டைத் தவறுதலாய்த் திறந்துவிட்டது போல் இருந்தது.

அந்த நோட்டோடு பாளையங்கோட்டைக்கே போனோம். சென்னைத் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது என்பதைத் தவிர அப்போது பெரிய ஞானம் ஒன்றும் நமக்கு வந்துவிடவில்லை. மருத்துவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். முன்பு ஆறு நிமிடத்தில் அனுப்பியவர், இம்முறை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். ஒளிக்கருவியால் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். நடக்கச் சொன்னார். நாம் தயக்கத்தோடு, "ஸ்கேன் எடுக்க வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டோம்.

"முப்பத்தைந்து வருடமாய் ஒரே மாதிரி வருகிற வலி. பரிசோதனையில் குறையில்லை. இதற்கு ஸ்கேன் புதிதாய் ஒன்றும் சொல்லாது சாமி. உங்கள் நோட்டு சொல்லிவிட்டது" என்றார். பிறகு அவர் விளக்கியது இது. வலி மாத்திரையை அளவுக்கு மீறி உண்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். தனி மருந்துள்ள சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளும், காஃபின் முதலியவை கலந்த கூட்டு மாத்திரை 10 நாளும் என்ற எல்லையைத் தொட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் இந்நிலை வரும். நாம் உண்டது கூட்டு மாத்திரை. "கடனுக்கு வட்டி கட்ட மறுபடியும் கடன் வாங்குகிறவனைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தலை அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது" என்றார். பங்கில் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு எத்தனையோ முறை அறிவுரை சொன்னவர் நாம்!

2018ஆம் ஆண்டு மருந்தைப் பற்றியும் கேட்டார். பத்து நாளில் நிறுத்தியதைச் சொன்னோம். சிரித்தார். "எட்டு வாரமாவது சாப்பிட வேண்டிய மருந்து அது. அன்றைக்கு நானும் அதை உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை போலிருக்கிறது" என்றார். தவறில் தம் பங்கையும் அவர் எடுத்துக்கொண்டபோது, நமது பழைய தீர்ப்பு நமக்கே வெட்கமாயிற்று.

இளைப்பு நோய் உண்டா என்று கேட்டு, இல்லையென்று தெரிந்த பின் ப்ராப்ரனலால் என்ற மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கினார். இருதயத்துக்கென்று வந்த இம்மருந்து ஒற்றைத் தலைவலியைத் தடுப்பது 1960களில் தற்செயலாய்த் தெரியவந்ததாம். கடை மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். முதல் பத்து நாள் வலி கூடும், அதைத் தாங்கத்தான் வேண்டும் என்று எச்சரித்தார். கடைசியில், நாம் சென்னைத் தேதியைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் கோணவில்லை. "மூன்று மாதம் எனக்குக் கொடுங்கள். குறையவில்லை என்றால் நானே அவருக்குக் கடிதம் எழுதித் தருகிறேன். என்னென்ன மருந்து, எந்த அளவில், எத்தனை நாள் என்ற கணக்கோடு நீங்கள் போனால், அவர் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை" என்றார்.

ஓர் அயலூர் நிபுணரிடம் அனுப்பத் தயங்காத அருகூர் மருத்துவர்: இவரைத்தான் இத்தனை நாள் தேடினோமோ என்று தோன்றிற்று. சென்னை நண்பருக்குத் தொலைபேசி செய்து, அந்தத் தேதியை வேறு யாருக்காவது விட்டுவிடச் சொன்னோம்.

அந்தப் பத்து நாள்களைப் பற்றி விரித்துரைக்க விரும்பவில்லை. அருகிலிருந்த பங்குக் குரு இரண்டு ஞாயிறு நமக்காக வந்து பூசை வைத்தார். பங்கு மக்களிடம் நாம் முதல்முறையாக, "நமக்கு இந்த நோய் இருக்கிறது, சில நாள் வர இயலாது, அவசரமென்றால் பக்கத்துப் பங்கை உடனே அழையுங்கள்" என்று வெளிப்படையாய்ச் சொன்னோம். முப்பத்தைந்து ஆண்டு மறைத்ததைச் சொல்ல இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. அதை முன்பே சொல்லியிருந்தால், அந்த அக்டோபர் இரவில் உபதேசியார் நம் கதவில் இரண்டு மணி நேரம் காத்து நின்றிருக்க மாட்டார்; நேரே பக்கத்துப் பங்குக்குப் போயிருப்பார்.

2023ஆம் ஆண்டுத் தவக்காலத் தொடக்கத்தில் நோட்டைக் கூட்டியபோது மாதத்தில் 6 நாள் வலி. அதிலும் இரண்டு நாளே படுக்கை. நோய் போய்விடவில்லை, போகவும் போகாது. அது தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாம் நம் இடத்தில் எழுந்து நிற்கிறோம்.

இத்தோடு முடித்தால், எல்லாருக்கும் அருகூர் வைத்தியரே போதும் என்று நாம் சொல்வதாய் ஆகிவிடும். அது சரியன்று. நமது பங்கில் இரண்டு பிள்ளைகளின் தாயான இளம் ஆசிரியை ஒருவர் உண்டு. 2021ஆம் ஆண்டில், நாம் இப்பங்குக்கு வந்த புதிதில், அவர் தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசைக்கு வரவில்லை. கேட்டதற்கு "தலைவலி சாமி" என்றார். நாம் கடிந்துகொண்டோம். "தலைவலி யாருக்கு இல்லை? மாத்திரை போட்டுக்கொண்டு வரலாமே" என்றோம். நாமே மாத்திரையை விழுங்கிவிட்டுப் பீடத்தில் நின்றதால், அவரும் அப்படி நிற்கவேண்டும் என்று எண்ணிவிட்டோம். வீட்டில் மாமியார் அதை வேலைக்கள்ளம் என்றார். கோவிலில் சாமியாரும் ஏறத்தாழ அதையே சொன்னார். அந்தப் பெண் எங்கே போவார்?

நமது நோட்டுக்குப் பிறகு அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். சகோதரி அவருக்கும் ஒரு நோட்டுக் கோடிட்டார். அவருக்கு மாதத்தில் 20 நாள் வலி. மாத்திரைப் பழக்கமோ மிகக் குறைவு. அதே மருத்துவர் இரண்டு தடுப்பு மருந்துகளை ஒவ்வொன்றும் மூன்று மாதம் முறையாகக் கொடுத்துப் பார்த்தார். ஒன்று பயன் தரவில்லை; மற்றொன்று விரல்களில் ஓயாத மதமதப்பைத் தந்தது. சொன்னபடியே கடிதம் எழுதி, சென்னை நிபுணரிடம் அனுப்பினார். கணவரும் மனைவியுமாய் 2023 இறுதியில் போய் வந்தார்கள். நிபுணர் ஒரு மணி நேரம் பேசினாராம். பின்தலை நரம்பினருகே ஊசி போட்டு, மருந்தையும் மாற்றி, மேற்கொண்டு செய்ய வேண்டியதைப் பாளையங்கோட்டை மருத்துவருக்கே எழுதி அனுப்பினார். இடையில் இரண்டு முறை கைபேசியில் முகம் பார்த்தே ஆலோசனை சொன்னார். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த அரசு நெறிமுறைகளுக்குப் பின் இது இயல்பாகிவிட்டது. ஆசிரியைக்கு இப்போது மாதத்தில் எட்டு நாள். எட்டும் எட்டுத்தான், ஆனால் இருபதுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு குடும்பமே மூச்சு விடுகிறது.

மேலும் ஒரு நற்செய்தி. முப்பெருநரம்பின் முனைகளிலிருந்து கசியும் ஒரு சிறு புரதப் பொருள் இவ்வலிக்கு முக்கியமான காரணம் என்று கண்டறிந்து சிகிச்சைக்கு வழி திறந்த லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், ஜெஸ் ஓலெசன் ஆகிய நால்வருக்கு 2021ஆம் ஆண்டில் டென்மார்க்கின் மூளைப் பரிசு வழங்கப்பட்டது. அப்பொருளைத் தடுக்கும் ஊசி மருந்து ஒன்றுக்கு 2018இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. விலை இன்னும் எளியோர்க்கு எட்டாதது. ஆயினும், "கற்பனை நோய்" என்று இனி எவரும் சொல்ல முடியாது.

வாசகக் குடும்பங்களுக்கு, நாம் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாய்ச் சொல்கிறோம். முதலில் ஒரு மாதக் கணக்கை எழுதுங்கள். அந்தக் கணக்கோடு அருகிலுள்ள மருத்துவரிடம் போங்கள். அவர் தந்த மருந்தை அவர் சொன்ன காலம் முழுவதும் உண்ணுங்கள். தாமாகத் தொடங்கவும் வேண்டாம், தாமாக நிறுத்தவும் வேண்டாம். கருவுறும் வயதிலுள்ள பெண்கள் அதனை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சில தடுப்பு மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும். இரண்டு மூன்று மருந்துகள் முறையாய் உண்டும் பயனில்லை என்றால், அல்லது நோயின் பெயரிலேயே ஐயம் இருந்தால், அப்போது தொலைவு பாராமல் நிபுணரிடம் போங்கள், கடிதத்தோடு போங்கள்.

ஆனால் சில தலைவலிகளுக்குக் கணக்கெழுத நேரமில்லை. இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்தை எட்டும் வலி. காய்ச்சலும் பிடரி விறைப்பும் கூடிய வலி. கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு ஆகியவற்றோடு வரும் வலி. தலையில் அடிபட்ட பின் வரும் வலி: இவற்றுக்கு எது அருகிலுள்ள பெரிய மருத்துவமனையோ அங்கே அந்த நொடியே ஓட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாய்த் தொடங்கும் தலைவலியையும், பழைய வலி தன் போக்கை மாற்றிக்கொள்வதையும் சில நாள்களுக்குள் காட்டிவிட வேண்டும்.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு சொல். மருமகளோ, மகளோ, மனைவியோ இருட்டறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தால், கதவை மெல்லச் சாத்திவிட்டு, பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துப் போங்கள். பாளையங்கோட்டையும் சென்னையும் அதற்குப் பிறகுதான். நோயாளி சொல்வதை நம்புவதே முதல் வைத்தியம். அதற்குப் பயணச்சீட்டு வேண்டியதில்லை.

இறந்துபோன அந்தப் பெரியவரின் ஆண்டுத் திருப்பலிக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் அவ்வூருக்குப் போகிறோம். மூத்த மகன் இன்றும் முதலில் நாற்காலியைத்தான் இழுத்துப் போடுகிறார். "இப்போ எப்படி இருக்கு சாமி?" என்று கேட்கிறார். "ஆறு நாள்" என்கிறோம். அவருக்குப் புரிகிறது.